நாலு டிரம் தள்ளிக் காட்டிய திரை: ஒற்றைக் கோர் டிரைவரை நாலு கோருக்கு மாற்றப்போய் நான் பட்டது

மூன்று வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட வேலை பதினான்கு வாரம் இழுத்தது. பேசிய தொகை 2,40,000 ரூபாய். அதில் 60,000 பிடித்தம் போனது. அது போக என் கைக்காசு 41,000 செலவு. அந்த மூன்று மாதத்தில் வந்த இன்னொரு நல்ல வேலையையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாவற்றுக்கும் காரணம் டிரைவருக்குள், அதாவது சாதனத்தோடு பேசும் புரோகிராமுக்குள், இருந்த ஒரே ஒரு வரி. நான் தனியாளாகக் கான்ட்ராக்ட் எடுத்து எம்பெடட் வேலை (சாதனங்களுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்களுக்கான வேலை) செய்பவன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து "இதைப் பார்த்தியா?" என்று கேட்க ஆள் கிடையாது. அந்த வரியைப் பற்றி யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனையோ ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வேலை இதுதான். கோவையில் மில்களுக்கான எலக்ட்ரானிக் சாதனங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனி. நூலைக் கோன்களில் சுற்றும் கோன் வைண்டிங் மெஷினில் ஓடும் 60 டிரம்மிலும் (சுழலும் உருளை) நூலின் இழுவிசையை அளந்து, திரையில் காட்டி, அளவு தப்பினால் அந்த டிரம்மை நிறுத்தும் ஒரு பெட்டி அவர்களுடையது. உள்ளே ஒரு எஃப்பிஜிஏ (உள் சர்க்யூட்டை நாமே எழுதி அமைக்கும் சிப்) 50 மில்லி விநாடிக்கு ஒரு தடவை 60 சென்சாரையும் படித்துவிட்டு இன்டரப்ட் அடிக்கும், அதாவது செய்கிற வேலையை நிறுத்தி இதைக் கவனி என்று சைகை கொடுக்கும். லினக்ஸ் டிரைவர் அந்த 60 எண்களையும் எடுத்து 1024 இடம் கொண்ட ஒரு ரிங் பஃபரில் (கடைசி இடம் நிரம்பியதும் முதல் இடத்திலிருந்து மறுபடி எழுதும் வட்டம்) போடும். மேலே ஓடும் புரோகிராம் அங்கிருந்து எடுத்துத் திரையில் காட்டும். பல வருஷமாக ஒற்றைக் கோர் (வேலை செய்யும் மூளை ஒன்றே உள்ள) ஆர்ம் சிப்பில் ஓடிக்கொண்டிருந்த பெட்டி. அந்த சிப் வருவது நின்றுவிட்டதால் நாலு கோர் கார்டெக்ஸ் ஏ53 போர்டுக்கு மாற வேண்டும். டிரைவரை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது.

டிரைவரைத் திறந்து பார்த்தேன். சுத்தமாக எழுதப்பட்ட 600 வரி. புது கெர்னலுக்காக (லினக்ஸின் மையப் பகுதி) சில ஃபங்ஷன் பெயர்களை மாற்றினேன், போர்டில் என்னென்ன இருக்கிறது என்று அதற்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் நாலு வரி சேர்த்தேன், கம்பைல் ஆகிவிட்டது. மேஜையில் மூன்று நாள் விடாமல் ஓடியது. பன்னிரண்டு பெட்டிகள் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு மில்லுக்குப் போயின. உண்மையைச் சொல்வதென்றால் அந்த வாரம் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. வேலை சுலபமாக முடிந்ததே என்ற சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் ஹோட்டலுக்குக் கூட்டிப் போனேன்.

பத்தாம் நாள் போன் வந்தது. மில்லின் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். "தம்பி, இங்க 41-ஆம் டிரம்ல நூலே இல்லீங்க. கோனைக் கழட்டி வெச்சிருக்கோம். உங்க டிவில அது ஓடிட்டிருக்குன்னு காட்டுது. நல்லா ஓடற டிரம்மைப் பிடிச்சு நிறுத்துது." பெட்டியை ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன். சரியாகிவிட்டது. நாலு நாள் கழித்து வேறொரு மெஷினில் அதே கதை. பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று. பன்னிரண்டு பெட்டியில் எதில் வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை யாரும் தொடாமலே தானாகச் சரியானது. அதுதான் என்னை ரொம்பக் குழப்பியது.

முதலில் நான் போன வழி முழுக்கத் தப்பு. ஷிப்ட் மாறும் நேரத்தை ஒட்டித்தான் அதிகமாக வருகிறது என்று ஃபிட்டர் அண்ணன் சொன்னார். ஷிப்ட் மாறும்போது மெஷின்களை நிறுத்தி எடுப்பார்கள், மோட்டார்கள் ஒரே சமயத்தில் கிளம்பும், மின்சாரம் ஆடும். அப்படியானால் இது மின்சாரத்தால் வரும் இடையூறு, நாய்ஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். லைன் ஃபில்டர், ஷீல்டு கேபிள் என்று 22,400 ரூபாய்க்கு வாங்கி, நானே போய் நாலு மெஷினில் மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. அடுத்தது எஃப்பிஜிஏ எழுதியவர் மேல் சந்தேகம். அவர் பத்து நாள் செலவழித்து, தன் பக்கம் சுத்தம் என்று அலைவடிவம் எடுத்துக் காட்டினார். அவரிடம் நான் பேசிய தொனியை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. பின்னாளில் மன்னிப்பு கேட்டேன்.

மூன்றாவதாகச் செய்தது இன்னும் மோசம். டிரைவருக்குள் பிரிண்ட் வரிகளைப் போட்டேன், என்ன நடக்கிறது என்று பார்க்க. போட்டதும் பிரச்சினை போயே போய்விட்டது. இரண்டு வாரம் ஒரு போன்கூட இல்லை. ஏதோ கம்பைலர் விவகாரமாக இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, சரிசெய்துவிட்டேன் என்று கம்பெனிக்கும் சொல்லிவிட்டேன். பிரிண்டுகளை எடுத்த நாலாம் நாள் திரும்பவும் வந்தது. கம்பெனி முதலாளி கோபமாகப் பேசவில்லை. "மறுபடியும் வந்துருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். பிரிண்ட் போட்டதும் மறைகிற பிழை எதுவானாலும் முதலில் ரேஸ் கண்டிஷனை, அதாவது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைத் தொட்டு மோதுவதை, சந்தேகியுங்கள். பிரிண்டுகள் வெளியே போகும் சீரியல் கன்சோல் விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஓடினால் 80 எழுத்துள்ள ஒரு வரி வெளியே போக ஏறக்குறைய 7 மில்லி விநாடி ஆகும். சில நானோ விநாடி இடைவெளியில் நடக்கிற தவறைத் தேடும்போது நடுவில் 7 மில்லி விநாடியைக் கொண்டுபோய்ச் செருகினால், நீங்கள் பார்ப்பது வேறு ஒரு புரோகிராம். கெர்னலில் தடம் பார்க்க எஃப்ட்ரேஸ் என்ற கருவி இருக்கிறது. அதில் ட்ரேஸ் பிரிண்ட்கே என்று ஒன்று உண்டு. அது கன்சோலுக்குப் போகாமல் நினைவகத்தில் மட்டும் எழுதிவைக்கும். அதுவும் நேரத்தைச் சற்று மாற்றத்தான் செய்யும், ஆனால் பன்மடங்கு குறைவாக. அன்று அது எனக்குத் தெரிந்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

முடிச்சு அவிழ்ந்தது ஃபிட்டர் அண்ணனால்தான். மூன்றாவது தடவை மில்லுக்குப் போனபோது ராத்திரி ஷிப்டில் அங்கேயே தங்கினேன். வைண்டிங் டிபார்ட்மென்டின் இரைச்சலில் பேசினால் கேட்காது என்பதால், அதிகாலை மூன்று மணிக்கு டீ குடிக்கக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்த் தன் பாக்கெட் டைரியைக் காட்டினார். பிரச்சினை வந்த ஒவ்வொரு தடவையும் எந்த டிரம்மைத் திரை தப்பாகக் காட்டியது என்று குறித்து வைத்திருந்தார். "தம்பி, 41-ல 37-ஓட கணக்கு வருது. 12-ல 8-ஓடது. 30-ல 26. எல்லாமே நாலு தள்ளித்தான் வருது, பாத்தீங்களா?" நான் பார்த்திருக்கவில்லை. பத்து வாரமாகப் பார்க்கவில்லை. லாட் ஸ்லிப் ஒன்றின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ரிங் பஃபரில் 1024 இடம். ஒரு சுற்றுக்கு 60 எண். 60-ஐப் பதினேழால் பெருக்கினால் 1020. மீதி 4. கை நடுங்கியது. திரை காட்டிக்கொண்டிருந்தது, ரிங் பஃபரில் முந்தைய வட்டத்தில் எழுதப்பட்டு அழியாமல் கிடந்த பழைய எண்களை. புது எண் வந்து விழுவதற்கு முன்பே புரோகிராம் அந்த இடத்தைப் படித்துவிடுகிறது. பஃபரில் உண்மையில் இருப்பதைவிட அதிகமாக இருப்பதாக யாரோ அதனிடம் பொய் சொல்கிறார்கள்.

அந்தப் பொய்யைச் சொன்னது, பஃபரில் எத்தனை எண் காத்திருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஒரே ஒரு மாறி (வேரியபிள்). இன்டரப்ட் வந்ததும் ஓடும் பகுதியான இன்டரப்ட் ஹேண்ட்லர் அதில் 60-ஐக் கூட்டும். படிக்கும் பக்கம் 60-ஐக் கழிக்கும். கழிப்பதற்கு முன்னால் இன்டரப்டை அணைக்கும் லோக்கல் ஐஆர்க்யூ சேவ் என்ற வரி, கழித்த பிறகு அதைத் திரும்பத் திறக்கும் லோக்கல் ஐஆர்க்யூ ரீஸ்டோர். பக்கத்திலேயே பழைய எஞ்சினியரின் குறிப்பு: இன்டரப்ட் ஆஃப் ஆகிவிட்டது, லாக் (பூட்டு) தேவையில்லை. ஒற்றைக் கோரில் அது நூற்றுக்கு நூறு உண்மை. இருக்கிற ஒரே கோர் இன்டரப்டைக் காதில் வாங்காத வரைக்கும் ஹேண்ட்லர் ஓடவே வழியில்லை. ஆனால் அந்த வரியின் பெயரிலேயே லோக்கல் என்று இருக்கிறது. எந்தக் கோரில் ஓடுகிறதோ அந்தக் கோரின் காதை மட்டும்தான் அது பொத்தும். இரண்டாம் கோரில் புரோகிராம் இன்டரப்டை அணைத்துக்கொண்டு நிம்மதியாகக் கழித்துக்கொண்டிருக்கும்போது, பூஜ்யம் எண் கோரில் (கோர்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள்) ஹேண்ட்லர் தாராளமாகக் கூட்டிக்கொண்டிருக்கும். நான் அந்தக் குறிப்பைப் படித்தேன், தலையாட்டினேன், அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பிழை என்னுடையது. அதை எழுதியவருடையது இல்லை.

நெருங்கிப் பார்த்தால் நடப்பது இதுதான். எண்ணிக்கை 60, அதாவது ஒரு சுற்று காத்திருக்கிறது. புரோகிராம் அதை எடுத்து முடித்துக் கழிக்கப் போகிறது. அதே கணம் அடுத்த சுற்றுக்கான இன்டரப்ட் வருகிறது. பூஜ்யம் கோர் நினைவகத்திலிருந்து 60 என்று படிக்கிறது. இரண்டாம் கோரும் 60 என்று படித்து, கழித்து, 0 என்று எழுதுகிறது. பூஜ்யம் கோர் தான் முன்பே படித்து வைத்திருந்த 60-உடன் 60 கூட்டி 120 என்று எழுதுகிறது. உண்மையில் காத்திருப்பது 60 தான். அந்தக் கணத்திலிருந்து புரோகிராம் ஒரு சுற்று முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். பதினேழு சுற்றுக்கு முந்தைய, நாலு டிரம் தள்ளிய கணக்கை, பெட்டியை அணைக்கும்வரை காட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு கோரும் எழுதுவது வேறு வரிசையில் நடந்தால் எண்ணிக்கை 60 குறைந்துவிடும். அப்போது திரை 50 மில்லி விநாடி தாமதமாகும், அவ்வளவுதான், யார் கண்ணுக்கும் தெரியாது. முதலில் கூடியதை அடுத்த தடவை குறைந்தது சரிக்கட்டினால், தானாகக் குணமானது போல இருக்கும். என்னைக் குழப்பிய அந்த இரண்டு சம்பவங்களுக்கும் விளக்கம் அதுதான். பாதிப் பிழை கண்ணில் படாமலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஷிப்ட் மாறும் நேரத்துக்கும் விளக்கம் கிடைத்தது. அந்த நேரத்தில் இன்னொரு புரோகிராம் ஷிப்ட் ரிப்போர்ட்டைச் சுருக்கி ஆபீஸ் சர்வருக்கு அனுப்பும். அந்தச் சுமையில் படிக்கும் புரோகிராம் தாமதமாகி, அடுத்த இன்டரப்ட் வருகிற நேரம்வரை இழுத்துவிடும். என் மேஜையில் ஷிப்டும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை. அங்கே படிக்கிற வேலை அடுத்த இன்டரப்டுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். மூன்று நாள் ஓடியது என்று நான் நம்பிய சோதனை, எதையுமே சோதிக்கவில்லை. ஒரு பெட்டியில் ஒரு நாளைக்கு 17,28,000 இன்டரப்ட். பன்னிரண்டு பெட்டிக்கு இரண்டு கோடிக்கு மேல். அத்தனை தடவை சீட்டுப் போட்டால் எவ்வளவு அபூர்வமான சீட்டும் ஒருநாள் விழத்தான் செய்யும்.

சந்தேகம் வந்ததும் நான் செய்த சோதனைகள் உங்களுக்கும் உதவும். முதலில் ப்ராக் கோப்புறைக்குள் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். எந்த இன்டரப்ட் எந்தக் கோரில் எத்தனை தடவை வந்தது என்று பத்தி பத்தியாக இருக்கும். என் போர்டில் பூஜ்யம் கோரின் பத்தியில் லட்சக்கணக்கில், மற்ற மூன்றிலும் பூஜ்யம். அப்படியென்றால் படிக்கும் புரோகிராமும் பூஜ்யம் கோரிலேயே ஓடும் வரைக்கும் பழைய வரி அதைக் காப்பாற்றும், வேறு கோருக்கு மாறினால் கைவிடும். டாஸ்க்செட் கட்டளையால் நாலு பெட்டிகளில் புரோகிராமைப் பூஜ்யம் கோரில் கட்டிப்போட்டேன். ஒரு வாரம் அந்த நாலில் ஒன்றில்கூட வரவில்லை. பூட் செய்யும்போது மேக்ஸ்சிபியூஸ் சமம் 1 என்று கொடுத்து ஒற்றைக் கோரில் ஓட்டியும் பார்க்கலாம். பிழை போய்விட்டால் கோர்களுக்கு இடையேதான் சண்டை என்று கிட்டத்தட்ட உறுதி. ஆனால் இதைக் கண்டுபிடிக்கும் கருவியாக மட்டும் வையுங்கள். மருந்தாக்கி அனுப்பிவிடாதீர்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது.

அடுத்து, பிழையை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும். வரவழைக்க முடியாத பிழையைச் சரிசெய்துவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். ஹேண்ட்லர் எண்ணிக்கையைப் படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே 50 மைக்ரோ விநாடி தாமதத்தைச் செருகினேன். எஃப்பிஜிஏ-வின் இடைவெளியை 50 மில்லி விநாடியிலிருந்து 1 மில்லி விநாடியாகக் குறைத்தேன். புரோகிராமை மூன்றாம் கோரில் கட்டினேன். பத்து வாரம் என்னை அலைக்கழித்தது என் மேஜைமேல் இருபது விநாடிக்குள் வந்து நின்றது. அன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். அவசரம் விடவில்லை. எண்ணிக்கையைச் சுற்றி ஒரு ஸ்பின்லாக் (ஒருவர் பிடித்திருந்தால் மற்றவர் அது கிடைக்கும்வரை சுழன்று நிற்கும் பூட்டு) போட்டேன், ஹேண்ட்லரிலும் படிக்கும் பக்கத்திலும் வெறும் ஸ்பின் லாக். மேஜையில் மூன்றாம் கோரில் கட்டியே சோதித்ததால் அழகாக ஓடியது. மில்லுக்கு அனுப்பினேன். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு பெட்டிகள் அப்படியே உறைந்துவிட்டன. அங்கே புரோகிராம் சுதந்திரமாகக் கோர் மாறும். பூஜ்யம் கோரில் அது லாக்கைப் பிடித்திருக்கும்போது அதே கோரில் இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் அந்த லாக்குக்காகச் சுழன்றுகொண்டே நிற்கும். லாக்கை விட வேண்டிய புரோகிராமோ, ஹேண்ட்லர் முடிந்தால்தான் ஓட முடியும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து அந்தக் கோர் செத்துப்போகும். கெர்னலின் பதிவில் 21 விநாடி கழித்து ஆர்சியூ ஸ்டால் என்று, அதாவது ஒரு கோர் நகராமல் நிற்கிறது என்று, எச்சரிக்கை வந்திருந்தது. ஒரு ஷிப்ட் முழுக்க அந்த இரண்டு மெஷினையும் கண்காணிப்பு இல்லாமல் ஓட்டினார்கள். பிடித்தம் போன 60,000-இல் பெரும்பகுதி அந்த ராத்திரிக்கானது.

ஆகவே இதை எங்காவது எழுதி ஒட்டிவையுங்கள். ஹேண்ட்லரும் சாதாரணப் புரோகிராம் பக்கமும் பகிரும் எதையும், புரோகிராம் பக்கத்தில் ஸ்பின் லாக் ஐஆர்க்யூ சேவ் கொண்டுதான் பிடிக்க வேண்டும். அது தன் கோரின் இன்டரப்டையும் அணைக்கும், மற்ற கோர்களையும் லாக்கால் தடுக்கும். இரண்டு பாதியும் வேண்டும். பழைய டிரைவரில் முதல் பாதி மட்டும் இருந்தது, என் அவசரத் திருத்தத்தில் இரண்டாவது மட்டும். ஹேண்ட்லருக்குள் வெறும் ஸ்பின் லாக் போதும், ஏனென்றால் ஹேண்ட்லர் ஓடும்போது அந்தக் கோரின் இன்டரப்டை லினக்ஸ் அணைத்தே வைத்திருக்கும். லாக் கையில் இருக்கும்போது தூங்கக்கூடிய, அதாவது கோரை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக்கூடிய, எதையும் கூப்பிடக் கூடாது. யூசர் நினைவகத்துக்கு, அதாவது மேலே ஓடும் புரோகிராமின் நினைவகத்துக்கு, நகலெடுப்பதும் அதில் சேர்த்தி. லாக்குக்குள் ஒரு தற்காலிக இடத்துக்கு எடுத்து, லாக்கை விட்ட பிறகு யூசருக்குக் கொடுங்கள். தூங்கிக் காத்திருக்கும் பூட்டான ம்யூடெக்ஸை ஹேண்ட்லர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

என்னை ரொம்ப வருத்தியது என்னவென்றால், இந்த இரண்டாவது தவறைக் கெர்னலே எனக்குச் சொல்லியிருக்கும். லாக்டெப் என்ற சோதனை முறை 2006-இலேயே, 2.6.18 பதிப்பில், லினக்ஸுக்குள் வந்துவிட்டது. கெர்னல் அமைப்பில் ப்ரூவ் லாக்கிங் என்பதை ஆன் பண்ணிக் கம்பைல் செய்ய வேண்டியதுதான். உண்மையாகவே கோர் சாக வேண்டியதில்லை. ஒரு லாக்கை ஒரு தடவை இன்டரப்டுக்குள்ளும், இன்னொரு தடவை இன்டரப்ட் திறந்திருக்கும்போதும் பிடித்தாலே, என்றைக்காவது இது உறையும் என்று கண்டுபிடித்து முழு விவரத்தோடு கெர்னலின் பதிவில் எழுதிவிடும். பிறகு ஆன் பண்ணிப் பார்த்தேன். பூட் ஆன இரண்டாவது நிமிஷம் என் டிரைவரின் பெயரோடு எச்சரிக்கை வந்து நின்றது. கூடவே டீபக் அட்டாமிக் ஸ்லீப்பையும் ஆன் பண்ணுங்கள், லாக்குக்குள் தூங்குவதை அது பிடிக்கும். ஆனால் முதல் பிழையை லாக்டெப் பிடிக்காது. லாக்கே இல்லாத இடத்தில் அதற்கு என்ன தெரியும்? அதற்குப் பொருத்தமானது, லாக் இல்லாமல் இரண்டு கோர் ஒரே இடத்தைத் தொடுவதைப் பிடிக்கும் கேசிசான். அது 5.8 பதிப்பில், 2020-இல் வந்தது. என் போர்டோடு வந்த கெர்னல் 4.19 என்பதால் எனக்கு அந்த வழி இல்லை. நீங்கள் புதிய கெர்னலில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

நடுவில் அந்த மாறிக்கு வாலட்டைல் என்ற அடைமொழி போட்டும் பார்த்தேன், அட்டாமிக் மாறியாக (கூட்டலையும் கழித்தலையும் ஒரே மூச்சில் முடிக்கும் வகை) மாற்றியும் பார்த்தேன். வாலட்டைல் ஒவ்வொரு தடவையும் நினைவகத்தில் போய்ப் படிக்க வைக்கும், அவ்வளவே. படித்து, கூட்டி, எழுதுவதற்கு நடுவில் இன்னொருவர் நுழைவதைத் தடுக்காது. அட்டாமிக் அந்த எண்ணிக்கையைக் காப்பாற்றியது. ஆனால் எண்ணிக்கையும், எண்களும், எழுதும் இடத்தின் குறியும் எந்த வரிசையில் மற்ற கோருக்குத் தெரியும் என்பதற்கு அது பொறுப்பில்லை. ஆர்ம் கோர்கள் நினைவகத்தில் எழுதியவற்றை வரிசை மாற்றித் தெரியவிடும், அதில் சாதாரண பிசிக்களில் இருக்கும் எக்ஸ்86 சிப்களைவிடத் தாராளம். லாக் போட்டால் அந்த வரிசையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கடைசியில் அந்த எண்ணிக்கை மாறியையே தூக்கிவிட்டுக் கெர்னலில் தயாராக இருக்கும் கேஃபைஃபோ என்ற ரிங் பஃபருக்கு மாறினேன். அதில் எழுதும் குறியை எழுதுபவர் மட்டும் நகர்த்துவார், படிக்கும் குறியைப் படிப்பவர் மட்டும். இருவரும் கைவைக்கும் எண்ணே கிடையாது. எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்றால் லாக்கே வேண்டாம். இரண்டு புரோகிராம்கள் ஒரே சமயத்தில் திறந்து படிக்கலாம் என்பதால் படிக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு ம்யூடெக்ஸ் வைத்தேன்.

அதோடு டிரைவர் முழுவதையும் வரிவரியாக மறுபடி படித்தேன். இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்று தொடக்கத்தில். இன்டரப்டைப் பதிவு செய்த பிறகுதான், படிப்பவர் காத்திருக்கும் வெயிட் க்யூவைத் தயார்செய்யும் வரி வந்தது. மின்சாரம் போகாமல் ரீபூட் ஆனால் எஃப்பிஜிஏ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், பதிவு செய்த அடுத்த கணமே ஹேண்ட்லர் ஓடிவிடும். எல்லாவற்றையும் தயார்செய்து முடித்த பிறகே இன்டரப்டைப் பதிவு செய்யுங்கள். இன்னொன்று முடிவில். டிரைவரை இறக்கும்போது பஃபரின் நினைவகத்தை முதலில் விடுவித்துவிட்டு, பிறகு இன்டரப்டை விடுவித்தார்கள். நாலு கோரில் ஒரு கோர் ஹேண்ட்லருக்குள் இருக்கும்போதே இன்னொரு கோர் அதன் காலடியில் இருந்த நினைவகத்தை உருவிவிடும். முதலில் சாதனம் இன்டரப்ட் அடிப்பதை நிறுத்துங்கள், பிறகு இன்டரப்டை விடுவிக்கும் ஃப்ரீ ஐஆர்க்யூ. ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை அது காத்திருக்கும். அதன் பிறகே பஃபர். தானாகவே விடுவித்துக்கொள்ளும் டெவ்எம் வகையில் இன்டரப்டைப் பதிவு செய்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அது டிரைவரை இறக்கும் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். ரிமூவுக்குள் கையால் எதையாவது விடுவித்தால் இதே குழியில் விழுவீர்கள்.

இப்படி எழுதியதற்காகப் பழைய எஞ்சினியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. லினக்ஸிலேயே ஒரு காலத்தில் எல்லாக் கோரின் இன்டரப்டையும் ஒரே வரியில் அணைக்கும் வழி இருந்தது. சிஎல்ஐ என்று பெயர். 2002-இல், 2.5 வரிசையில்தான் அதை எடுத்தார்கள். ஒற்றைக் கோருக்கு எழுதியவர் அந்த உலகத்துக்குச் சரியாகவே எழுதியிருக்கிறார். உலகம் மாறியதை டிரைவருக்குச் சொல்ல வேண்டியது அதைத் தூக்கிக்கொண்டு போன என் கடமை.

கடைசிச் சோதனைக்கு எஃப்பிஜிஏ நண்பர்தான் கைகொடுத்தார். ஒரு டெஸ்ட் மோடு எழுதிக் கொடுத்தார். சென்சார் அளவுக்குப் பதில் டிரம் எண்ணும் சுற்று எண்ணும் வரும். ஒரு எண் வரிசை தப்பினாலும் என் சோதனைப் புரோகிராம் நின்றுவிடும். 1 மில்லி விநாடிக்கு ஒரு இன்டரப்ட், விநாடிக்கு ஒரு தடவை கோர் மாறும் புரோகிராம், பின்னால் ஷிப்ட் ரிப்போர்ட் ஓயாமல் ஓட, 72 மணி நேரம் ஓடியது. ஏறக்குறைய 26 கோடிச் சுற்று, ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த டெஸ்ட் மோடை முதல் வாரமே கேட்டிருக்கலாம். அவருக்கு அரை நாள் வேலை.

கம்பெனி கணக்கு முடித்தபோது 1,80,000 கொடுத்தார்கள். கேபிள் 22,400, பஸ்ஸும் லாட்ஜும் 18,600 போக என் கையில் நின்றது 1,39,000. பதினான்கு வாரத்துக்கு. இப்போது கோர் எண்ணிக்கை மாறும் எந்த வேலை வந்தாலும், வாடிக்கையாளர் இடத்தில் அவர்கள் சுமையோடு நாலு வாரம் ஓட்டிப் பார்க்கும் நேரத்தையும் அதற்கான செலவையும் கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போடுகிறேன். இரண்டு பேர் அதனாலேயே வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

உடுமலைப்பேட்டைக்கு இன்னொரு தடவை போனேன், பன்னிரண்டு பெட்டியிலும் புது டிரைவரை ஏற்ற. ஃபிட்டர் அண்ணன் ஒவ்வொரு மெஷினிலும் 41-ஆம் டிரம்மின் கோனைக் கழற்றிவிட்டு, திரையில் அது நின்றதாகக் காட்டுகிறதா என்று பார்த்து, டைரியில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவதற்கு டிக் போட்டுவிட்டு, "வாங்க தம்பி, டீ குடிக்கலாம்" என்றார்.